நாற்காலியும் கையெழுத்தும்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் நின்றபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஒனக்கெதுக்குப்பா இது? சொன்ன எடத்துல கையெழுத்துப் போடப்போற" என்றார். நாற்காலி என்றாலே அவர்களுக்கு இப்படித்தான். மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் நமக்கு ஒதுக்கப்பட்டது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனோடு ஆறு பேரை வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை நம்மவர் யாரையும் தலைவராக நிலைக்கவிடவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர்; நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம். ஊர்ப்பிள்ளைகளில் பாதி வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போயாச்சு. மிச்சம் சேரிப்பிள்ளைகள்தான். ஜெயித்தேன்.

முதல் கூட்டத்தில் கேட்டேன்: "எங்க தெருப் புள்ளைங்க மட்டும் ஏன் சார் கக்கூஸ் கழுவுது? நோட்டுல எழுதுங்க." தலைமையாசிரியர் பேனாவைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அரைமணி நேரம். எழுதினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.