முதுகில் ஒரு மூட்டை

இங்கிலாந்துல பெட்ஃபோர்ட் ஊர் அருங்காட்சியகத்துல ஒரு இரும்புப் பட்டறைக்கல் இருக்கு. ஏறக்குறைய 60 பவுண்டு, நம்ம கணக்குல 27 கிலோ. அதுல ஜான் பனியன் பெயரும் 1647-ன்னு வருஷமும் வெட்டியிருக்கும். பனியன்னதும் உள்ளாடை ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :) அந்தக் காலத்துல ஊர் ஊரா நடந்து ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவங்க இந்த மாதிரிக் கல்லை முதுகுல சுமந்துக்கிட்டுதான் போவாங்க. ஈயம் பூசுறவர்னு நம்ம ஊர்ல சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தத் தொழில். அப்பாவுக்கும் அதே தொழில்.

உலகத்துல பைபிளுக்கு அடுத்தபடியா அதிகம் பேர் படிச்ச கிறிஸ்தவப் புத்தகங்கள்ல ஒண்ணான 'மோட்சப் பிரயாணம்' இந்த ஆள் எழுதினதுதான். முதுகுல ஒரு பெரிய மூட்டையோட ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்புறதுலதான் கதையே ஆரம்பிக்கும். 27 கிலோ இரும்பை நிஜமாவே தூக்கி நடந்தவனுக்கு அந்த உவமை எங்கேருந்து வந்திருக்கும்னு ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்தப் புத்தகம் புதுசு இல்லை. என் நண்பன் வீட்டுல அவன் பாட்டி இதைத் தலைமாட்டுலயே வெச்சிருப்பாங்க. கஷ்டம் வந்தா எடுத்து ரெண்டு பக்கம் படிச்சா மனசு லேசாயிடும்னு சொல்வாங்க. பனியனுக்கு மனசு லேசாச்சான்னு தெரிஞ்சுக்கப் போய்த்தான் அவரோட வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன்.

1660-ல இரண்டாம் சார்லஸ் ராஜாவா திரும்பி வர்றார். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே தனியாக் கூட்டம் போட்டுப் பிரசங்கம் பண்றவங்க மேல பிடி இறுகுது. அந்த வருஷம் நவம்பர் 12-ம் தேதி ஒரு பண்ணை வீட்டுல பேசக் கிளம்பின பனியனைக் கைது பண்றாங்க. வாரண்ட் இருக்குன்னு முன்னாடியே தெரியும். ஓடிப் போயிருக்கலாம், போகலை. எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒண்ணு, 1593-ல போட்டது, அதுல தண்டனை. முதல்ல மூணு மாசம் ஜெயில். அதுக்கப்புறமும் அடங்கலைன்னா நாடு கடத்தல். அனுமதியில்லாம திரும்பி வந்தா தூக்கு. மூணு மாசம்னு ஆரம்பிச்சது கடைசியில 12 வருஷம் ஆச்சு.

இதுல என்னை உலுக்கினது என்னன்னா, அந்த ஜெயில் கதவோட சாவி அவர் கையிலேயே இருந்தது. "இனி பிரசங்கம் பண்ண மாட்டேன்"னு ஒரு வார்த்தை சொன்னா வெளியே விட்டிருப்பாங்க. சொல்லலை.

வெளியே யார் இருந்தாங்கன்னு பாருங்க. முதல் மனைவி 1658-ல இறந்துட்டாங்க, அவங்க பெயர்கூட வரலாற்றுல மிஞ்சலை. அவங்களுக்குப் பிறந்த நாலு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணின இரண்டாவது மனைவி எலிசபெத் சின்னப் பெண், புருஷன் கைதான சமயத்துல கர்ப்பிணி. கைதான அதிர்ச்சியில நாள் ஆகறதுக்கு முன்னாடியே வலி எடுத்து, எட்டு நாள் துடிச்சு, குழந்தையைப் பறிகொடுத்தாங்க.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, 1661 ஆகஸ்டுல எலிசபெத்தே நீதிபதிகள் முன்னாடி போய் நின்னு சொன்னது. அதுக்கு முன்னாடியே லண்டன் வரைக்கும் போய் மனு கொடுத்துப் பார்த்தாச்சு. பெட்ஃபோர்டுக்கு நீதிபதிகள் வந்தப்போ ஒருத்தர் கையில மனுவைக் கொடுத்தாங்க. அடுத்த நாள் இன்னொருத்தரோட கோச்சு வண்டிக்குள்ளேயே தூக்கிப் போட்டாங்க. கடைசியா பெரிய மனுஷங்க கூடியிருந்த ஸ்வான் விடுதி அறைக்குள்ள நேராவே நுழைஞ்சுட்டாங்க. நாலு பிள்ளைகள், ஒண்ணுக்குக் கண் தெரியாது, நல்லவங்க தர்றதை வெச்சுத்தான் சாப்பிடுறோம்னு சொன்னாங்க. மாத்யூ ஹேல்ங்கிற நீதிபதி மட்டும் கொஞ்சம் இரக்கமாக் கேட்டு, வேற எந்த வழியில முயற்சி பண்ணலாம்னு சொல்லிக் கொடுத்தார். மத்தவங்க விரட்டுனாங்க. என் புருஷன் ஏழை, பாத்திரம் அடைக்கிறவன், அதனாலதான் நியாயம் கிடைக்கலைன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டு வந்தாங்க. பனியன் உள்ளே இருந்து காட்டின தைரியத்தைவிட இது ஒரு படி மேலன்னுதான் எனக்குத் தோணுது.

ஜெயில்ல அவர் சும்மா உக்காந்திருக்கலை. நுனியில உலோக முனை வெச்ச ஷூ கயிறு பின்னி, அதை வித்துக் குடும்பத்துக்குக் கொடுத்தார். ஒரு பைபிளையும், இரத்த சாட்சிகள் வரலாறு ஒண்ணையும் திரும்பத் திரும்பப் படிச்சார். 1666-ல தன்னோட ஆன்மிக வரலாற்றைப் புத்தகமாப் போட்டார். அதுல, பெண்டாட்டி பிள்ளைங்களைப் பிரிஞ்சது எலும்புலேருந்து சதையைப் பிய்க்கிற மாதிரி இருந்ததுன்னும், எல்லாரையும்விடக் கண் தெரியாத அந்தப் பிள்ளையை நினைச்சுத்தான் நெஞ்சு வெடிச்சதுன்னும் சொல்றார். வீட்டை இடிச்சு என் குடும்பத்துத் தலை மேலேயே நான் போடுறேனேன்னு அவருக்கே தோணியிருக்கு.

அந்தப் புத்தகத்துல இன்னொரு இடம் இருக்கு. தூக்குல போட்டுடுவாங்கன்னு ஒரு கட்டத்துல உறுதியா நம்பியிருக்கார். ஏணியில ஏறும்போது கால் நடுங்கி, கடவுளுக்கே அவமானமாயிடுமோன்னு பயம். ஜெபம் பண்றார், ஆறுதல் வரலை. வாரக்கணக்கா ஒண்ணும் வரலை. கடைசியில ஒரு முடிவுக்கு வர்றார். ஆறுதல் வந்தாலும் வராட்டாலும், மோட்சமோ நரகமோ, கண்ணை மூடிக்கிட்டு அந்த ஏணியிலேருந்து குதிச்சுடுறதுன்னு.

கஷ்டத்துல விசுவாசம் தெம்பு கொடுக்கும்னு எல்லாரும் சொல்றோம். இங்க வாரக்கணக்கா தெம்பு வரலையே! அது வராமலேயே ஒருத்தர் பிடியை விடாம இருந்திருக்கார். அவர் பிடிவாதத்துக்குக் குடும்பம் கொடுத்த விலையை நினைச்சா எனக்கு இன்னும் கோபம்தான் வருது. ஆனா, இந்த இடத்தைப் படிச்ச பிறகு அவரைப் போலின்னு மட்டும் சொல்ல முடியலை.

1672-ல ராஜா சட்டத்தைத் தளர்த்த, விடுதலை. பிறகு 1676-77 வாக்குல இன்னொரு தடவை சில மாசம் உள்ளே. 1678-ல 'மோட்சப் பிரயாணம்' வெளிவருது. நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு. கதையில மூட்டை சிலுவையண்டை வந்ததும் தானா அவிழ்ந்து உருண்டு விழுந்துடும். ஆனா அது கதையோட ஆரம்பப் பகுதியிலேயே நடந்துடும்! பள்ளத்தாக்குச் சண்டை, மாயாபுரிச் சந்தை, நம்பிக்கையிழப்பு அரக்கன் அடைச்சு வெச்சு அடிக்கிற கோட்டை எல்லாமே அதுக்கப்புறம்தான். விழுந்தது பாவச்சுமை, வாழ்க்கைச்சுமை இல்லை. அந்தக் கோட்டையிலேருந்து தப்பிக்கிற சாவியும் கதாநாயகனோட மடியிலேயேதான் இருக்கு, மறந்து போயிருப்பான். 12 வருஷம் சாவியை மடியில வெச்சுக்கிட்டுத் திறக்காம இருந்தவர் எழுதினதுங்க இது.

நம்ம பக்கத்துல இதைக் கையில எடுத்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல திருநெல்வேலிக்குப் பக்கத்துல கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பிறந்து, 1858-ல கிறிஸ்தவரானவர். கம்பனில ஊறினவர் இல்லையா, பனியன் கதையை 3700-க்கும் மேற்பட்ட விருத்தங்களா 'இரட்சணிய யாத்திரிகம்'னு 1894-ல கொண்டு வந்தார். நடுநடுவே தேவாரம்னே பெயர் வெச்ச பதிகங்கள் வேற. ஈயம் பூசுறவர் பேச்சுநடையில எழுதினது இங்க வந்து ஆதிபருவம், குமாரபருவம்னு காவியமா உக்காந்துருச்சு. பள்ளிக்கூடத்துல மனப்பாடப் பகுதியாப் பார்த்துப் பயந்தவங்க கை தூக்குங்க.

திரும்ப பனியன் கதைக்கு வர்றேன். முதல் பாகத்துல கதாநாயகன் கிளம்பும்போது பெண்டாட்டியும் பிள்ளைங்களும் அழுது கூப்பிடுவாங்க, அவன் காதுல விரலை வெச்சு அடைச்சுக்கிட்டு ஓடுவான். ஆறு வருஷம் கழிச்சு, 1684-ல, இரண்டாம் பாகம் வந்தது. அதுல அந்தப் பெண்டாட்டி கிறிஸ்தியானா தன்னோட நாலு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு அதே வழியில நடக்குறா. கூட ஊன்றுகோல்காரர், பயந்தாங்கொள்ளி, மனசு உடைஞ்சவர்னு ஒரு கூட்டமே சேருது. யாரையும் யாரும் விட்டுட்டு ஓடலை. முதல் பாகத்துல உயிரோட தப்பின அந்தக் கோட்டை அரக்கனை இவங்க கூட்டம் கொன்னு, கோட்டையையும் இடிச்சுடுது.

நாலு பிள்ளைங்கன்னு அவர் தெரிஞ்சுதான் எழுதினாரான்னு யாரும் அவரைக் கேட்டு வைக்கலை. 1688-ல, பிணக்குல இருந்த ஒரு அப்பனையும் மகனையும் சேர்த்து வைக்கப் போனவர், மழையில நனைஞ்சு லண்டன் வந்து காய்ச்சல்ல இறந்தார். புத்தகம் கிடைச்சா, ஒரு மாறுதலுக்கு இரண்டாம் பாகத்துலேருந்து ஆரம்பிச்சுப் பாருங்க.