அந்த ஒரு மணி நேரம்

பதினேழாம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்று ஒரு புலவர் இருந்தார். கண் பார்வை கிடையாது. ஆனால் சேயூர்க் கலம்பகம் பாடினார், திருக்கழுக்குன்றப் புராணம் பாடினார். கண் தெரியாதவர் எழுத்தை எப்படிக் கற்றார்? முதுகில் விரலால் எழுதிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார் என்று ஒரு செவிவழிக் கதை இருக்கிறது.

கதை நிஜமோ, யாராவது பின்னாளில் கட்டிவிட்டதோ, அதை விடுங்கள். அதற்குள் இருக்கும் விஷயம்தான் முக்கியம். அவருக்காக யாரும் இலக்கணத்தைச் சுலபமாக்கவில்லை. வெண்பா என்றால் வெண்பாதான். தளை தட்டினால் தட்டியதுதான். மாறியது ஒன்றே ஒன்று. ஓலைக்குப் பதிலாக முதுகு.

இன்றைய சட்டம் இதைத்தான் 'நியாயமான வசதி' என்கிறது. பாடம் அதே. கேள்வித்தாள் அதே. உள்ளே வருகிற வழி மட்டும் வேறு. பார்வையில்லாத மாணவருக்கு, அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். கை ஒத்துழைக்காதவருக்குக் கூடுதல் நேரம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குக் கீழ்த்தளத்தில் பரீட்சை ஹால். அவ்வளவுதான்.

சரி, கல்லூரி இதைக் கொடுக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எத்தனை நாளில் பதில் வரும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் அமெரிக்காவுக்குப் போகலாம்.

கலிஃபோர்னியாவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒரு பையன். 1953-ல், பதினான்கு வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது. ராத்திரியில் இரும்பு நுரையீரல் என்கிற பெரிய உருளைக்குள் படுத்தால்தான் மூச்சு. இந்த நிலையிலும் பள்ளிப் படிப்பை முடித்தான். பள்ளிக்கூடம் சான்றிதழ் தர மறுத்தது. என்ன காரணம் தெரியுமா? கார் ஓட்டும் வகுப்பிலும் உடற்பயிற்சி வகுப்பிலும் அவன் பாஸாகவில்லையாம்!

அம்மா ஸோனா விடவில்லை. பள்ளி நிர்வாகக் குழு வரை போய்ச் சண்டை போட்டுச் சான்றிதழ் வாங்கினார். அடுத்து, மாநில அரசின் மறுவாழ்வுத் துறையில் படிப்புக்கு உதவி கேட்டார்கள். 'இவரால் எந்தக் காலத்திலும் வேலை பார்க்க முடியாது' என்று அவர்கள் கையை விரித்தார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் இறங்கி வந்தார்கள். 1962-ல் ராபர்ட்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க ஹாஸ்டலில் தோதான அறை இல்லை. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியே அவருக்கு ஹாஸ்டல் ஆனது.

கதையின் உச்சக்கட்டம் 1975. வேலைக்கு லாயக்கில்லை என்று அவரைத் தள்ளிய அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரையே இயக்குநராக நியமித்தார் ஆளுநர் ஜெர்ரி பிரௌன்.

ஆனால் எல்லோருக்கும் ஸோனா மாதிரி அம்மா கிடைக்க மாட்டாரே. பத்திரிகைக்காரர்களும் எல்லோர் வீட்டுக்கும் வர மாட்டார்கள். அதற்குத்தான் சட்டம் வேண்டியிருந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் உடல் குறையைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1973-ல் அமெரிக்கா ஒரு சட்டப் பிரிவு போட்டது. எண் 504. போட்டதோடு சரி. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நான்கு வருடம் கையெழுத்தே விழவில்லை.

1977 ஏப்ரல் 5. சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் நுழைந்தன. உள்ளே போனவர்கள் மூன்று வாரத்துக்கும் மேல் வெளியே வரவில்லை. ஏப்ரல் 28-ம் தேதி கையெழுத்து விழுந்தது.

அந்த விதிகளுக்குள் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால், இதற்குப் பொறுப்பாக ஓர் ஆளை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் விசாரிக்க முறையான ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும். வாசகம் சின்னதுதான். ஆனால் 'யாரைப் போய்ப் பார்க்கிறது?' என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது.

இனி நம்ம ஊர்.

ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட பணிகளுக்கான தேர்வைப் பார்வையில்லாதவர்கள் எழுதலாமா என்ற வழக்கை, பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அவர்களுக்காக வாதாடிய எஸ்.கே.ருங்டாவும் பார்வையில்லாதவர்தான். 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு ஏற்றவை என்று கண்டறியப்பட்ட பதவிகளுக்கு பிரெய்லில் எழுதலாம், அல்லது சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். சுதந்திரம் வாங்கி நாற்பத்தாறாவது வருடம் அது.

பிறகு 1995-ல் ஒரு சட்டம். 2013 பிப்ரவரியில் பரீட்சைகளுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இருபது நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் ஒரு மணி நேரம் அதிகம். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் புதிய சட்டம் வந்தது. முன்பு ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் இருபத்தொன்றானது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், நாற்பது சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவிகித இடம் ஒதுக்கியாக வேண்டும்.

இந்த 'நாற்பது' அப்புறம் எல்லாக் கதவிலும் ஒட்டிக்கொண்டது. இட ஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பரீட்சை ஹாலுக்கும் வந்துவிட்டார்கள்.

விகாஷ் குமார் வழக்கு அப்படி வந்ததுதான். எம்.பி.பி.எஸ். படித்தவர். எழுதத் தொடங்கினால் கை விரல்கள் இழுத்துக்கொள்ளும் பிரச்னை. 2018 குடிமைப் பணித் தேர்வுக்கு, சொல்வதை எழுத ஆள் கேட்டார். மறுத்துவிட்டார்கள். தீர்ப்பாயத்தில் தோல்வி. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. 2021 பிப்ரவரி 11-ல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தெளிவாகச் சொன்னது: எழுத ஆள் கேட்பவருக்கு நாற்பது சதவிகிதம் இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. எழுத முடிகிறதா, இல்லையா என்பதே கேள்வி. அதன்படி 2022 ஆகஸ்ட்டில் புதிய நெறிமுறைகளும் வந்தன.

நல்ல தீர்ப்பு. ஆனால் தேதிகளைப் பாருங்கள். கேட்டது 2018 பரீட்சைக்கு. கிடைத்தது 2021-ல்.

அடுத்த கதை இன்னும் கசப்பு. 2021 செப்டம்பர் 12, நீட் தேர்வு. மும்பையில் ஒரு மாணவி. எழுதுவதில் சிரமம் தரும் குறைபாடு, நாற்பது சதவிகிதச் சான்றிதழோடு இருந்தது. முன்பு சொன்ன கணக்குப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். தேர்வு மையத்தில் தரவில்லை. மற்றவர்களிடம் வாங்கும்போதே அவருடைய விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 23-ல் தீர்ப்பு. மாணவிக்கு அநீதி நடந்தது உண்மை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மறுதேர்வு? 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வில் ஒருவருக்கு மட்டும் மறுபடி நடத்த உத்தரவிட முடியாது என்றார்கள். அநீதியைச் சரிசெய்ய வேறு என்ன செய்யலாம் என்று ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவு. மாணவி சொன்னது சரி என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் திரும்பி வரவில்லை.

சொத்து வழக்கில் இருபது வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தாலும் நிலம் அங்கேயே கிடக்கும். பரீட்சை அப்படிக் கிடக்காது. அதனால் மாணவரின் புகாரைத் தீர்க்க வேண்டிய இடம் டெல்லி இல்லை. அவர் படிக்கிற கல்லூரியேதான்.

தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் தெரியுமல்லவா? அங்கே சன்னதிக் கதவு திறப்பதில்லை. பூட்டிய கதவுக்குத்தான் பூஜை, தீபாராதனை எல்லாம். கோயிலில் அது ஐதீகம், கும்பிட்டுக்கொள்ளலாம். கல்லூரி ஆபீஸில் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது?

மாநில ஆணையரிடம் போகலாம். அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் ஆபீஸ் சென்னையில். ஒரு ராத்திரி பஸ் பயணம். உயர் நீதிமன்றக் கிளை பக்கத்திலேயே மதுரையில் இருக்கிறது. 2004-ல் வந்தது. அதற்கு வக்கீல் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும். 'செமஸ்டர் பரீட்சைக்காகக் கோர்ட்டு வாசல் ஏறணுமாம்மா? விட்டுத் தொலையேன்' என்றுதான் எந்த வீட்டிலும் சொல்வார்கள். விட்டுவிட்ட புகார்கள் எந்தக் கணக்கிலும் வராது.

பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பலருக்கும் தெரியாது. மாணவர் குறைதீர்ப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் விதிகள் போட்டது. 2019-லும் 2023 ஏப்ரலிலும் அவற்றை மாற்றி எழுதியது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் காட்டப்படும் பாகுபாடும் அதில் புகாருக்குரிய விஷயம். 2023 விதிப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையா? பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. முன்னாள் துணைவேந்தரோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார். அவருக்கு முப்பது நாள் கெடு.

வக்கீல் வேண்டாம். பஸ் ஏறவும் வேண்டாம். ஆனால் இங்கேயும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து வேலை நாள் என்றாலே மூன்று வாரம் ஓடிவிடும். அதற்கு மேல் ஒரு மாதம். ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு மனு கொடுத்தால், மறுபடியும் பரீட்சைதான் முந்தும்.

ஆகவே அட்மிஷன் நாளிலேயே கேளுங்கள். 'இங்கே குறைதீர்ப்புக் குழுவில் யார் யார் சார்?' என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன வசதி வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். எழுத ஆள் வேண்டுமா, எவ்வளவு கூடுதல் நேரம் வேண்டும், எந்த மாடியில் ஹால் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதுங்கள். நகலில் தேதி போட்டு, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

விடைத்தாளைக் கையிலிருந்து வாங்கிய பிறகு எழுதுகிற மனுவைவிட, வகுப்பு தொடங்கும் முன் கொடுக்கிற இந்த ஒற்றைத் தாளுக்கு பலம் அதிகம்.