கடுகு தாளிச்சா கத்தும் பெட்டி

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. போன மாசம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு ரசத்துக்குக் கடுகு தாளிச்சேன். கூரையில இருந்த புகை அலாரம் ஊரையே கூட்டிருச்சு. ஸ்டூல் போட்டு ஏறி, பேட்டரியைக் கழட்டி டிராயர்ல போட்டேன். போட்டதோட மறந்தும் போனேன்.

நான் குடியிருக்கறது நியூஜெர்சியில ஒரு வீட்டோட பேஸ்மென்ட். ஒரு பெட்ரூம், ஒரு குட்டி சமையல் மேடை. மூணு வாரம் கழிச்சு மேல்வீட்டு அக்கா கேட்டாங்க: "நேத்து ராத்திரி அடுப்புல சட்டி கருகி அலாரம் அடிச்சு ஒரே களேபரம். உனக்குக் கேக்கலையா தம்பி?"

கேக்கலை. நல்லாத் தூங்கிட்டிருந்தேன். அப்புறம்தான் இந்தப் பெட்டியோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1930களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்கிற இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று செய்யப் பார்த்தார். வாயுவுக்கு அது அசையவே இல்லை. வெறுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், மீட்டர் முள் ஆடியது! அயனியாக்கப்பட்ட காற்றில் ஓடும் சின்ன மின்னோட்டம், புகைத்துகள் புகுந்ததும் குறைந்துவிடுகிறது. சங்கதி இவ்வளவுதான். எர்ன்ஸ்ட் மைலி என்பவர் அந்த நுண்ணிய சமிக்ஞையைப் பெரிதாக்க வழி கண்டார். விலை அதிகம் என்பதால் ரொம்ப காலம் ஆலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் மட்டும்தான்.

வீட்டுக்குள்ள கொண்டுவந்தது அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த டுவேன் பியர்சால். 1960களில் அவர் செய்துகொண்டிருந்தது நிலைமின்சாரத்தை அடக்கும் கருவி. அங்கேயும் யாரோ பிடிச்ச சிகரெட்தான் குட்டை உடைச்சதாம் :-) 1970களில் பேட்டரியில் ஓடும் மலிவான அலாரம் வீடுகளுக்கு வந்தது. உள்ளே இருக்கும் அமெரிசியம்-241 ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது.

எங்கே மாட்டுறது? 1970களின் நடுவில், இண்டியானா ட்யூன்ஸ் பகுதியில் இடிக்க இருந்த நிஜ வீடுகளுக்குள்ளேயே தீ வைத்து 70க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தார்கள். வீட்டுக்கு ஒன்று போதாது, மாடிக்கு ஒன்று வேணும் என்று தெரிந்தது. விதிகளில் பேஸ்மென்ட்டும் ஒரு மாடியாகச் சேர்ந்தது. 1993-ல் புது வீடுகளின் ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று என்று தேசிய தீத்தடுப்புச் சங்கத்தின் விதி சொன்னது.

2000-ல் முதன்முதலாக வந்த சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பும் இதே வழிதான். படுக்கையறைக்குள் ஒன்று, வெளியே பக்கத்தில் ஒன்று, மாடிக்கு ஒன்று. பழைய வீட்டு பேஸ்மென்ட்டில் புதுசா ஒரு பெட்ரூம் தடுத்தாலும், அலாரம் விஷயத்தில் புது வீட்டுக் கணக்குதான். முக்கியமா, ஒன்று அடித்தால் எல்லாமே அடிக்கணும். (மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறும்.)

இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கிருச்சு. புகை மேலே போகும், கீழே லேட்டாத்தான் வரும். அன்னிக்கு என் பேட்டரி உள்ளேயே இருந்திருந்தாலும் என் பெட்டி வாயைத் திறந்திருக்காது. மேலே தீப்பிடிச்சு, எனக்குத் தெரியவரும்போது படிக்கட்டு முழுக்கப் புகையா இருந்திருக்கும்.

அதுக்காகப் பேட்டரியைக் கழட்டினது சரின்னு ஆயிடாது. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் சாகிறவர்களில் ஏறக்குறைய அஞ்சில் மூணு பேர், அலாரம் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில்தான் சாகிறார்கள். அந்த "வேலை செய்யாத" லிஸ்ட்ல மூணு வாரம் நானும் இருந்திருக்கேன்.

அக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஒண்ணோட ஒண்ணு வயர்லெஸ்ல பேசிக்கிற அலாரங்கள் வாங்கி, அந்த சனிக்கிழமையே மாட்டிட்டோம். பெட்ரூம்ல இருக்கிறதோட பட்டனை அமுக்கினேன். மாடியில் அது அலற, அக்கா வீட்டுக் குழந்தை அதைவிட சத்தமா அலறுச்சு. இவ்வளவு சந்தோஷமா நான் திட்டு வாங்கினதே இல்லை.

இப்பல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டுத்தான் கடுகு. நீங்களும் ஒரு தடவை எழுந்து போய் அந்தப் பட்டனை அமுக்கிப் பாத்துருங்க மக்களே.