கபா சுர்னா: அரண்மனை கைவிட்ட குழல்

உஸ்மானியப் பேரரசின் 'மெஹ்தர்' எனும் படை இசையைப் பற்றி எழுதுவோர் முரசின் முழக்கத்தையே பெரிதும் பேசுவர். அம்முழக்கத்தின்மீது பண்ணை ஏந்திச் சென்ற கபா சுர்னா என்னும் குழல் அத்துணைக் கவனம் பெறவில்லை. குழல்கள் பற்றிய ஃபிக்ஹு விவாதம் நாமறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் மஸாமீரை விலக்கியபோதும் இடையரின் ஷாஹீன் குழலை அனுமதித்தார்கள். இங்கு நம் நோக்கம் ஹுகும் அன்று, வரலாறே.

'ஸுர்னாய்' என்னும் பாரசீகச் சொல்லே துருக்கியில் சுர்னா ஆயிற்று. நாதசுரத்தைப் போன்று இதுவும் இரட்டைச் சீவாளி கொண்டது. முன்புறம் ஏழு துளைகளும் பின்புறம் ஒன்றும் உடையது. சுர்னா வகைகளுள் சிறியது ஜுரா. பெரியதும் தாழ்ந்த ஒலி உடையதும் கபா. ஊதுபவர் சீவாளியை முழுவதும் வாய்க்குள் அடக்கி, கன்னத்தில் தேக்கிய காற்றை வெளிவிட்டுக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்குவார். ஆதலின் ஒலி அறுபடாது.

1826 ஜூனில் சுல்தான் இரண்டாம் மஹ்மூது யனிச்சேரிப் படையை ஒழித்தார். அரசவை அதனை 'நன்னிகழ்வு' என்று போற்றியது. அப்படையோடு மெஹ்தர்கானாவும் மூடப்பட்டது. 1828இல் இத்தாலியரான ஜுசெப்பே டோனிசெட்டி வரவழைக்கப்பட்டு, ஐரோப்பிய முறையிலான அரண்மனை இசைக்குழு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பண்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. போலந்து நாட்டில் பிறந்து, சிறைப்பட்டு, உஸ்மானிய அரண்மனையில் இசைவாணராக விளங்கிய அலீ உஃப்கீ, 17ஆம் நூற்றாண்டிலேயே மெஹ்தர் பண்கள் பலவற்றை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில், வலமிருந்து இடமாக எழுதி வைத்திருந்தார். ஆயினும் ஏடு சுரத்தைச் சொல்லுமேயன்றி மூச்சைச் சொல்லாது. ஏட்டறிவு மட்டும் போதாது, உஸ்தாதின் முன் அமர்ந்தே பெறவேண்டும் என்பது மதரஸா மரபும் நன்கறிந்த உண்மையன்றோ!

அந்த மூச்சைக் காத்தவர்கள் யாவர்? மேற்கு அனத்தோலியாவிலும் பால்கன் நாடுகளிலும் திருமண வீடுகளில் ஊதிப் பிழைத்த ரோமா மக்களே! நாடோடிகள் என்று இகழப்பட்ட அவர்கள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இக்கலையைக் கையளித்தனர். எதிர்னே நகரின் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தக் களத்தில் முரசும் சுர்னாவும் இன்றும் ஒலிக்கின்றன.

அரசோ, 1914இல் இராணுவ அருங்காட்சியகத்தில் மெஹ்தரை மீட்டெடுத்தது, 1935இல் கலைத்தது, 1952இல் மீண்டும் நிறுவியது. ஆணைகள் மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் எளியோரின் மூச்சு மட்டும் அறுபடவில்லை. இஸ்லாமியப் பண்பாட்டு வரலாற்றை அரண்மனை ஆவணங்களில் மட்டும் தேடுவோர் அதன் பாதியையே காண்பர் என்பதற்கு இக்குழல் ஒரு சான்றாகும்.