பணப் பிணை (அமெரிக்கா)

குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு முடியும்வரை வெளியே இருப்பதற்காக நீதிமன்றத்தில் கட்டும் தொகை பணப் பிணை எனப்படும். வாய்தா தவறாமல் வந்தால் முடிவில் பணம் திரும்பக் கிடைக்கும். வராமல் போனால் அரசுக்குப் போய்விடும். அமெரிக்காவில் கைதானவர் முதன்முதலாக நீதிபதி முன் நிற்கும் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் இத்தொகை முடிவாகிவிடுகிறது. சில மாவட்டங்களில் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியல்போல முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அந்நாட்டின் உள்ளூர்ச் சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள்.

மிகையான பிணை கேட்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்துக்கு 1791இல் ஏற்கப்பட்ட எட்டாவது திருத்தம். 1689ஆம் ஆண்டு இங்கிலாந்து உரிமைச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் அது. எது மிகை என்று அதில் சொல்லப்படவில்லை. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் கட்சியினர் தொடுத்த ஸ்டாக் எதிர் பாய்ல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது. தலைக்கு 50,000 டாலர் கேட்கப்பட்டிருந்த வழக்கு அது. குற்றவாளியென இன்னும் தீர்ப்பாகாதவரை நீதிமன்றத்துக்கு வரவழைப்பதே பிணையின் நோக்கம். அதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகக் கேட்டால் மிகை என்றது தீர்ப்பு. கையில் காசில்லாதவருக்கு எந்தத் தொகையும் மிகைதானே என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

பிணை வணிகம்

முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் பிணை முகவரிடம் போவார். 10,000 டாலர் பிணை என்றால் முகவருக்கு வழக்கமாக 1,000 டாலர் கட்டணம். முழுத் தொகைக்கும் முகவர் நீதிமன்றத்திடம் பொறுப்பேற்பார். மறுநாளே வழக்குத் தள்ளுபடியானாலும் அந்த ஆயிரம் திரும்பாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் சாராயக் கடை நடத்திய மெக்டோனா சகோதரர்கள் இத்தொழிலை நிறுவனமாக வளர்த்தவர்களில் முன்னோடிகள். தப்பியோடியவரைத் தேடிப் பிடிக்கும் ஆட்களை முகவர்கள் வைத்துக்கொள்வதற்குச் சட்ட ஆதாரம் 1872ஆம் ஆண்டின் டெய்லர் எதிர் டெய்ன்டர் தீர்ப்பு. பிணை கொடுத்தவர் தம் ஆளை வேறு மாநிலத்துக்கும் பின்தொடரலாம், தேவைப்பட்டால் வீட்டுக் கதவை உடைத்தும் நுழையலாம் என்றது அது. காவல்துறையினருக்கே இல்லாத சலுகை! இப்படி லாபத்துக்காக நடக்கும் பிணைத் தொழில் அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்காவிலும் கென்டக்கி 1976இல் தடை செய்துவிட்டது. இல்லினாய், ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களிலும் முகவர்களுக்கு இடமில்லை.

மன்ஹாட்டன் சோதனை

பணம் இல்லாமலேயே ஆட்கள் திரும்பி வருவார்களா? 1961இல் நியூயார்க்கில் தொழிலதிபர் லூயி ஷ்வைட்சரும் இதழாசிரியர் ஹெர்பர்ட் ஸ்டர்ஸும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஷ்வைட்சரின் தாயார் பெயரில் தொடங்கிய வேரா அறக்கட்டளை சார்பில் சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானவர்களிடம் போய்க் குடியிருப்பு, வேலை, குடும்பம் பற்றி விசாரித்தார்கள். ஊரோடு வேர் உள்ளவர் என்று தெரிந்தால் சொந்த ஜாமீனில் விடும்படி நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் 3,500 பேர் வரை வெளியே வந்தனர்; வேண்டுமென்றே வராமல் போனவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கூட்டரசுப் பிணைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு இதுவே அடித்தளம். அதன் எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. 1979இல் பீகார் விசாரணைக் கைதிகள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி இந்த மன்ஹாட்டன் முயற்சியை எடுத்துக்காட்டினார்.

நோக்கம் மாறியது

1966 சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: திரும்பி வருவாரா? குற்றங்கள் பெருகிய அடுத்த இருபது ஆண்டுகளில், வெளியே போய் யாருக்காவது தீங்கு செய்வாரா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தானவர் என்ற காரணத்துக்காகவே ஒருவரை விசாரணைக்கு முன் அடைத்துவைக்கக் கூட்டரசு நீதிபதிகளுக்கு அதிகாரம் அளித்தது. நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா கும்பலைச் சேர்ந்த அந்தோணி சலெர்னோ இதை எதிர்த்தார். இது தண்டனை அல்ல, ஒழுங்குமுறை நடவடிக்கை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தொகை இவ்விரு கேள்விகளில் எதற்கும் விடை சொல்வதில்லை. கையில் பணமுள்ள முரடன் போய்விடுவான். பணமில்லாத சாது உள்ளே இருப்பான். அப்படியிருந்தும் தொகை நிலைத்ததற்குக் காரணம், அது முடிவெடுக்கும் பொறுப்பை மறைத்துவிடுவதுதான். பல மாநிலங்களில் நீதிபதிகள் தேர்தலில் நிற்பவர்கள். விடுவித்தவர் கொலை செய்தால் நீதிபதியின் பெயர் செய்தியில் வரும். பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் யாரையும் சிறையில் அடைக்கவில்லை. பணம் கட்டாதது அந்த ஆளின் குறை.

நியூயார்க்கின் கலீஃப் பிரவுடர் வழக்கு இந்த விவாதத்துக்கு முகம் தந்தது. 2010இல் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகக் கைதானபோது அவருக்கு வயது 16. பிணை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. (முந்தைய வழக்கின் நன்னடத்தை நிபந்தனையைக் காட்டி இரண்டு மாதங்களுக்குப் பின் பிணையே மறுக்கப்பட்டது. அவர் கதையைச் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.) ரிக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்றாண்டு, அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. விசாரணை நடக்கவே இல்லை. 2013இல் வழக்கு கைவிடப்பட்டது. 2015இல் தற்கொலை செய்துகொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் மறுத்தவர் அவர். பலர் மறுப்பதில்லை. பிலடெல்பியா, மயாமி வழக்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, விசாரணைக்கு முன் வெளியே வந்தவர்கள் தண்டனை பெறுவது குறைவு என்றும், அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது குறைவதே அதற்கு முதன்மைக் காரணம் என்றும் கண்டது.

மாநிலங்களின் வழிகள்

நியூ ஜெர்சி 2017 முதல் பணத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, ஆபத்தானவரை அடைக்கவும் மற்றவரை நிபந்தனையோடு விடவும் ஏற்பாடு செய்தது. சட்டத்தில் கையெழுத்திட்ட கிறிஸ் கிறிஸ்டி குடியரசுக் கட்சி ஆளுநர். அன்று இது கட்சிச் சண்டையாகவில்லை. வாய்தாவுக்கு வந்தோர் விகிதம் 2014இல் 92.7 விழுக்காடு, 2017இல் 89.4. நியூயார்க் 2020இல் பெரும்பாலான சிறு குற்றங்களுக்குப் பணப் பிணையை நீக்கியது. ஆனால் எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டும், 2022, 2023ஆம் ஆண்டுகளிலும் சட்டம் திருத்தப்பட்டது. கலிபோர்னியாவில் நடந்தது விசித்திரம். 2018இல் பணப் பிணையை ஒழித்த சட்டத்தைப் பிணைத் தொழில்துறையினர் கையொப்பம் திரட்டி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். பணத்துக்குப் பதில் கணினி மதிப்பெண் வருகிறதே என்று அஞ்சிய மனித உரிமை அமைப்புகள் சிலவும் அவர்கள் பக்கம் நின்றன. 2020இல் சட்டம் தோற்றது.

அந்த அச்சம் வீண் அல்ல. வயது, பழைய வழக்குகள் போன்றவற்றைக் கூட்டி ஆபத்துக்கு மதிப்பெண் தரும் முறைகள் பழைய கைதுகளையே அளவுகோலாக்குகின்றன. காவலர் எந்தத் தெருவில் அதிகம் சுற்றினார்களோ அந்தத் தெருக்காரருக்கு மதிப்பெண் ஏறும். ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் பயன்பட்ட இத்தகைய கருவி ஒன்று குறித்து 2016இல் புரோபப்ளிகா வெளியிட்ட புலனாய்வு, மீண்டும் குற்றம் செய்யாதவர்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறக்குறைய இருமடங்கு விகிதத்தில் ஆபத்தானவர் என்று தவறாக மதிப்பிடப்பட்டதாகக் காட்டியது. கருவியைச் செய்த நிறுவனம் கணக்கிடும் முறையே தவறு என்று மறுத்தது.

எதிர்த்தரப்புக்கும் சொல்ல நிகழ்வுகள் உண்டு. 2021 நவம்பரில் விஸ்கான்சினின் வாகெஷா நகரில் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள் காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்றவர், சில நாள்களுக்கு முன் 1,000 டாலர் பிணையில் வெளிவந்தவர். 2023இல் அம்மாநில வாக்காளர்கள் பிணை விதிகளைக் கடுமையாக்க ஒப்புதல் தந்தார்கள். 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், பணமில்லாப் பிணை முறையைப் பின்பற்றும் இடங்களுக்கான கூட்டரசு நிதியை நிறுத்த வழிகாணும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் வாகெஷாவில் பிணை பணமாகத்தான் கேட்கப்பட்டது, கட்டவும்பட்டது.

2023 செப்டம்பர் 18 முதல் பணப் பிணையை முற்றிலும் ஒழித்த முதல் மாநிலம் இல்லினாய். ஒருவரை அடைத்துவைக்க வேண்டுமானால் அரசு வழக்குரைஞர் மனு போட வேண்டும், இரு தரப்பும் வாதிட வேண்டும், நீதிபதி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுதிய காரணத்தை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். அப்படி வந்த மனுக்கள் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் குவிந்துபோனதால், 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் அவற்றுக்கான விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.