முன்பே கட்டிய பில்: வாகனத் திரும்பப்பெறல் சட்டத்தில் ஒரு விடுபடல்

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்த ஆலையிலிருந்து இன்று சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 2022இல் வெளிவந்த சி3 காரின் 1.2 லிட்டர் ‘ப்யூர்டெக்’ எஞ்சின் ஒசூரில் தயாராகிறது. இதே பெயர்கொண்ட எஞ்சின் குடும்பம் ஐரோப்பாவில் பெரும் தகராறுக்கு உள்ளானது. அங்கு விற்ற முந்தைய வடிவங்களில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். ஆயிலில் பெட்ரோல் கலந்தால் பெல்ட் நைந்து உதிரும், துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும், அழுத்தம் விழும், கவனிக்காவிட்டால் எஞ்சினே போய்விடும். இங்கு ஓடும் எஞ்சின்களுக்கும் இக்குறை உண்டென்பதல்ல இக்கட்டுரையின் வாதம். குறை ஒப்புக்கொள்ளப்படும் முன்பே உரிமையாளர் கட்டிய பணம் எவ்வழியில் திரும்பும் என்பதே கேள்வி.

2024 மார்ச்சில் சிட்ரோயனின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் ஐரோப்பாவில் இந்த எஞ்சின்களுக்கான உத்தரவாதத்தைப் 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை நீட்டியது. முன்னரே செலவழித்தவர்களுக்கான விண்ணப்ப முறை, நுகர்வோர் அமைப்புகள் நெருக்கிய பின், 2025 ஜனவரியில்தான் திறந்தது. அதுவும் 2022 ஜனவரி 1 முதல் 2024 மார்ச் 18 வரையிலான பழுதுகளுக்கே. 2021இல் எஞ்சின் மாற்றியவர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

நம் சட்டத்தில் அந்த வாசலே இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவு, குறைக்காகத் திரும்பப்பெறும் வண்டியின் முழு விலையைத் திருப்பித் தரவோ, மாற்று வண்டி தரவோ, பழுதுபார்க்கவோ தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொல்கிறது. ஏற்கெனவே கட்டிய பில்லைப் பற்றி அதில் பேச்சில்லை. மேலும், குறை சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநர், பயணி, சாலையில் செல்வோருக்கோ தீங்கு தரக்கூடியதாக இருக்க வேண்டும். ஆயிலைக் குடித்து உரிமையாளரின் பணப்பையை மட்டும் காலி செய்யும் எஞ்சின் அப்பிரிவுக்குள் எளிதில் அடங்காது.

எஞ்சியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இழப்பீடு கோரலாம், ஆனால் காலவரம்பு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும், அது உரிமை அன்று, சலுகை. சான்று அதைவிடப் பெரிய சிக்கல். குறையை ஆய்வகச் சோதனையால் நிறுவ வேண்டிய நிலையில், கழற்றிய பெல்ட் பழைய இரும்போடு போயிருக்கும். கையில் மிஞ்சுவது பில்லும் ஜாப் கார்டும். 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவாத விதியைப் பற்றி நின்று, குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், காரையே மாற்ற வேண்டியதில்லை என்றது. உத்தரவாதம் முடிந்தபின் அந்தப் பிடியும் தளர்கிறது.

இச்சட்டப்படி நுகர்வோர் யார் என்பதிலும் சிக்கல் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே வேனைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் சட்டப்படி நுகர்வோர். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பல வேன் ஓட்டுபவரை, வணிக நோக்கம் என்று சொல்லி ஆணையம் திருப்பி அனுப்பலாம். எஞ்சினுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எனவே 110ஏ பிரிவில் இரண்டு சேர்க்கைகள் தேவை. குறை ஒப்புக்கொள்ளப்பட்டால், அதே குறைக்காக முன்பு கட்டிய பழுதுச் செலவும் திரும்ப வேண்டும். அதற்கான தொடக்க நாளை நிறுவனம் குறிக்கக் கூடாது. ஒரே பாகத்துக்கு உத்தரவாதக் கோரிக்கைகள் குவியத் தொடங்கியதைக் காட்டும் அதன் சொந்தப் பதிவேடுகளைப் பார்த்து அரசு குறிக்க வேண்டும்.