தேரும் டெம்போவும் குட்டி யானையும்

திருமலை நாயக்கரைப் பத்தி மதுரையில் ஒரு கதை சொல்வாங்க. மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் முன்னாடி மாசி மாசத்துல நடந்ததாம். (தேர் ஓடுற தெருவுக்கு மாசி வீதின்னு பேர் நின்னதே அதனாலதான்.) நாயக்கர் (1623-1659) புதுசா பெரிய பெரிய தேர் செஞ்சு நிறுத்தினார். மாசியில் ஊரெல்லாம் அறுவடை, வடம் பிடிக்க ஆள் பத்தலை. மனுஷன் தேரைச் சின்னதாக்கலை, திருவிழாவையே சித்திரைக்கு மாத்திட்டார்! சைவ வைணவ ஒற்றுமைக்காக அழகர் விழாவோடு சேர்த்தார் என்று வேறொரு காரணமும் சொல்வதுண்டு. எனக்குப் பிடிச்சது இந்த ஆள் பத்தாத கதைதான். வண்டியை முதலில் செஞ்சுட்டு அதுக்கேத்தபடி உலகத்தை வளைக்கிறது ராஜாவுக்குத்தான் கட்டுப்படியாகும்.

நிற்க. இதை ஏன் இப்ப சொல்றேன்னா, என் அத்தை மகன் ஒருத்தன் திருமங்கலம் பக்கம் ஜம்பிங் பலூன் வாடகைத் தொழில் ஆரம்பிக்கப் போறான். காதுகுத்து, கோயில் பொங்கல், ஸ்கூல் ஆண்டு விழான்னு எங்க பார்த்தாலும் பிள்ளைங்க குதிக்கிற அந்தக் காத்தடிச்ச கோட்டைதான். பலூனுக்குக் கையில் காசு இருக்கு. வண்டிக்குத்தான் அத்தை நகை அடகுக்குப் போகணும். "மச்சான், பெருசாவே ஒரு வண்டி எடுத்துட்டா நாளைக்கு மூணு நாலு பலூன் சேர்ந்தாலும் தாங்கும்ல?" என்று கேட்டான். பதில் தேடப் போய், ஊரின் பழைய வண்டிகள் பக்கம் ஒதுங்கிட்டேன்.

முதலில் சரக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1958-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜான் ஸ்கர்லாக் என்ற பொறியாளர், டென்னிஸ் மைதானத்தை மூடக் காத்தடைச்ச உறை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் அதன்மேல ஏறிக் குதிச்சு விளையாடுறதைப் பார்த்ததும் புத்தி வேறு பக்கம் போச்சு. பிறந்தது ஜம்பிங் பலூன். இதன் சூட்சுமம் என்னன்னா, காத்து போனதும் கோட்டை சுருண்டு ஒரு பெரிய பாய்க்கட்டு மாதிரி ஆயிடும். 12, 15 அடிக் கோட்டைன்னா சுமார் 100-லிருந்து 150 கிலோ. கூடவே விடாமல் காத்து ஊதும் மோட்டார், கரண்ட் போனா கைகொடுக்க ஜெனரேட்டர், தரையில் அடிக்கும் முளைக்கம்பி, தார்ப்பாய். மொத்த எடை ஒரு டன்னில் பாதி கூட வராது. ஆனா அந்தக் கட்டைத் தோளில் வைக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது. உருட்டித்தான் ஏத்தணும். அதனால் வண்டி எத்தனை டன் இழுக்கும் என்பதைவிட, தட்டு எவ்வளவு தாழ்வா இருக்கு, சந்துக்குள்ள போகுமா என்பதுதான் கேள்வி.

கேளிக்கையை மூட்டை கட்டி ஊர் ஊராத் தூக்கிட்டுப் போற தொழில் நமக்குப் புதுசில்லை. திருச்சியில் ரயில்வே வரைவாளரா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டு சினிமா காட்டக் கிளம்பினார். லாகூர், பெஷாவர் வரை போனார். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபையும் சீன், உடுப்பு, பையன்கள் என்று சகலத்தோடும் ஊர் மாறின கம்பெனிதான். இவங்களுக்கு வாகனம்னா ரயில். மதுரைக்கு 1875-லேயே தண்டவாளம் வந்துடுச்சு. ஆனா ரயில் ஸ்டேஷனோட நின்னுடும். அங்கிருந்து கொட்டகை போடுற பொட்டலுக்குப் பாரவண்டி, மாடு, அரை நாள். கடைசி ரெண்டு மைல்தான் எப்பவுமே தலைவலி.

அந்த ரெண்டு மைலை மதுரை எப்படி வச்சிருக்குன்னு பாருங்க. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வளையம் வளையமா வீதிகள். கலெக்டர் பிளாக்பர்ன் 1837 வாக்கில் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்தப்போ கிடைச்சது வெளி வீதிகள். (இடிப்பு வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி ரெண்டு பேரும் தெருப் பெயரா இன்னும் இருக்காங்க. பிளாக்பர்ன் விளக்குத்தூணா நிக்கிறார்.) வீதியெல்லாம் அகலம்தான். அதுக்கு நடுவுல இருக்கே முடுக்கும் சந்தும், அதுல எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே பேச்சுவார்த்தை நடத்தணும். ஆனா விசேஷ வீடு முடுக்குலதான் இருக்கும்!

மதுரையில் மோட்டார்னா டி.வி. சுந்தரம் ஐயங்காரை விட்டுட்டுப் பேச முடியாது. திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911-ல் மதுரையில் தன் தொழிலை ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே பஸ் விட்டார். டி.வி.எஸ் பஸ் போறதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்தலாம்னு தாத்தா காலத்து ஆட்கள் இன்னும் சொல்வாங்க. எனக்கு அதைவிட ஆச்சரியம் வேற ரெண்டு விஷயம். அந்த ரோடுகள் மாட்டு வண்டிக்குன்னு போட்டது. மாட்டு லாடத்திலிருந்து விழுற ஆணிகள் பஸ் டயரைக் குத்திக் கிழிக்கும். அதைப் பொறுக்குறதுக்குன்னே காந்தம் கட்டின வண்டியை ரோட்டில் ஓடவிட்டாராம். அப்புறம் ரெண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தார். நாயக்கர் திருவிழாவை மாத்தினார். இவர் ரோட்டைப் பார்த்துத் தன் வேலையை மாத்திக்கிட்டார். இதைச் சொன்னதும் அத்தை மகன் முகத்தில் லேசா ஒரு கடுப்பு. ஏதோ தனக்குச் சொல்றாங்கன்னு புரிஞ்சிருச்சு போல.

சாமான் ஏத்துறவங்களுக்கு விடிவு வந்தது டெம்போவில். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் விடால் என்ற கம்பெனி வச்ச பேர் அது. 1958-ல் தொடங்கின பஜாஜ் டெம்போ அந்த மூணு சக்கர வண்டியை இங்கே செய்ய, பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் எந்தச் சின்ன சரக்கு வண்டியைப் பார்த்தாலும் நம்ம ஆளு டெம்போம்பான். முன்னாடி ஒத்தைச் சக்கரம். பந்தல் மூங்கில், வாடகைப் பாத்திரம்னு உசரமா அடுக்கிட்டு வேகமா வளைஞ்சா சாய்ஞ்சு படுத்துக்கும். ஆனா முடுக்கு வாசல் வரைக்கும் போகும். பின்னாலேயே மெட்டடார் வேன், 1986-ல் டாடா 407. 407 ராஜா மாதிரி வண்டி, அதுல சந்தேகமே இல்லை. ஆனா தட்டு நெஞ்சு உசரம். நாலு ஆள் வேணும். சந்து முனையிலேயே நின்னுக்கும்.

ஆக, சந்துக்குள்ள போற மூணு சக்கரம் மெயின் ரோட்டில் தள்ளாடும். மெயின் ரோட்டில் பறக்கிற நாலு சக்கரம் சந்துக்குள்ள வராது. இந்த இடைவெளியில் 2005 மே மாசம் வந்து இறங்கினதுதான் டாடா ஏஸ், நம்ம குட்டி யானை. இண்டிகா காரின் டீசல் இன்ஜினில் பாதியை எடுத்த மாதிரி ரெண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை சக்தி. முக்கால் டன் சுமை. நீளம் நாலு மீட்டருக்கும் கம்மி. தட்டு இடுப்புக்குக் கீழே. திட்டத்தை நடத்தினவர் கிரீஷ் வாக். வண்டி வரையறதுக்கு முன்னாடி மூணு சக்கர வண்டிக்காரங்களைப் போய்ப் பார்த்துப் பேசினாராம். நாலு சக்கரம் எதுக்குய்யான்னு கேட்டதுக்கு, ஊர்ல பொண்ணு கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னதாக பிசினஸ் ஏடுகளில் வந்தது. எந்த சர்வேயிலும் இந்த விடை கிடைச்சிருக்காது, என்னங்கிறீங்க? 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப்பும் களத்தில் இருக்கு. 2025-ல் வந்த ஏஸ் ப்ரோவும் அதே 750 கிலோதான். இருபது வருஷம் கழிச்சும் சுமைக் கணக்கு மாறலை பாருங்க.

சட்டப் பக்கமும் சின்ன வண்டிக்குத்தான் சாதகம். மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்கு, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டாம். பெரிய பிக்கப் சிலது இந்தக் கோட்டைத் தாண்டிடும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைச் சாதாரண இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம்னு 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதுக்காக வீட்டு ஆம்னியில், வெள்ளை போர்டில் அள்ளிப் போட்டு ஓட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறதே அதைத்தான்.

இத்தனையும் கேட்டுட்டு, "அப்ப குட்டி யானையே எடுத்துரவா மச்சான்?" என்றான். "எடு மாப்ள, ஆனா இப்ப எடுக்காதே" என்றேன். ஆடி, மார்கழியில் கல்யாணம் காதுகுத்து குறைவு. தவணை மட்டும் மாசா மாசம் வந்து நிக்கும். நம்ம ஊர்ப் பந்தல்காரங்க, பாத்திரக்கடைக்காரங்க நிறைய பேர் சொந்த வண்டி இல்லாமலேயே தொழிலைத் தூக்கி நிறுத்தினவங்க. ஸ்டாண்டில் நிக்கிற வண்டியைக் கூப்பிட்டுக்குவாங்க. ஒரு சித்திரை, வைகாசி அப்படி ஓட்டிப் பார்த்து, எத்தனை நடை, எந்தப் பக்கம் அதிகம்னு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். உசிலம்பட்டி, மேலூர் பக்கம்தான் நிறையன்னா ஓட்டத்துக்கு இன்னும் தெம்பான வண்டி பார்க்கலாம். டவுனுக்குள்ளேன்னா செகண்ட் ஹேண்ட் ஏஸ் தாராளம்.

முதல் ஆர்டர் சிம்மக்கல் பக்கம் ஒரு காதுகுத்து. ஸ்டாண்டிலிருந்து ஒரு குட்டி யானை பிடிச்சான். ரெண்டே ஆள், ஒரு பலகை. உருட்டி இறக்கியாச்சு. நகை இன்னும் அத்தை கழுத்துலதான் இருக்கு.